நிறுத்தி வைத்த பின்கண்ணாடி

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கணினிக்கு மரங்களைத் தாங்கும் சக்தி இருக்கவில்லை. ஆகவே கார்ப் பந்தய விளையாட்டில் மரங்களை நிறுத்தி வைத்தோம். வானத்தில் முகில் இருந்தால் கார் தவழ்ந்தது, முகிலையும் நிறுத்தினோம். மலை, நிழல், வேலிக்கு அப்பால் கைதட்டும் சனம் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தபோது கடைசியில் மிஞ்சியது சாம்பல் நிறத்தில் ஒரு வீதி, இரு பக்கமும் பச்சை, மேலே நீலம். அந்த வீதியில் அத்தான் பறந்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுவிசின் பீல் நகரத்தில், புகையிரத நிலையத்துக்குப் பின்பக்கம், இரண்டு அறை வீட்டில் மூன்று பேர் இருந்தோம்: அக்கா, அக்காவின் கணவரான அத்தான், நான். மூவரும் மன்னார். அக்காவும் நானும் வெவ்வேறு கடிகாரத் தொழிற்சாலைகளில் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, இடுக்கியால் தூசு போன்ற ஆணிகளைத் தூக்கி வைத்தோம். அத்தான் ஏரிக்கரை உணவகமொன்றில் கோப்பை கழுவினார். அவருடைய நாளை முதலாளி இரண்டாக முறித்து வைத்திருந்தார். காலையிலிருந்து மதியச் சாப்பாடு முடியும்வரை ஒரு துண்டு. பின்னேரத்திலிருந்து கடைசி வாடிக்கையாளர் எழும்பும்வரை மற்றத் துண்டு. இடையில் பிற்பகலில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் அவர் சைக்கிளில் வீட்டுக்கு வந்து கணினிக்கு முன் குந்துவார். எனக்குக் காலை வேலைமுறை என்பதால் நான் வீட்டில் இருப்பேன். அக்கா இருக்க மாட்டாள். அக்கா வரும்போது அவர் போயிருப்பார். கலியாணம் முடித்த அந்த இரண்டு பேரும் விழித்த நிலையில் சந்தித்துக்கொண்டது உணவகம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமை இரவுகளில் மட்டுந்தான். அன்றைக்குப் பேச எவ்வளவோ இருந்தபடியால் ஒன்றையும் பேசாமல் ரீவி பார்த்தார்கள்.

இதற்கெல்லாம் மருந்து ஒரு லைசென்ஸ். உணவகத்துக்கு மேசைத் துணி கொண்டுவரும் சலவைக்காரர் அத்தானின் கைவேகத்தைக் கண்டு, வாகனம் ஓட்டப் பழகிக்கொண்டு வந்தால் சாரதி வேலை தருகிறேன் என்று சொல்லியிருந்தார். பகல் வேலை. காலையில் ஆஸ்பத்திரிகளிலும் ஹோட்டல்களிலும் அழுக்கை எடுப்பது, வெளுத்ததைக் கொடுப்பது, பின்னேரம் வீடு. அக்கா இதைக் கேட்ட அன்றே இரண்டு பேர் சாப்பிடுவதற்கென்று புதுக் கோப்பை வாங்கி வைத்தாள். எனக்கு வாங்கவில்லை.

மன்னாரில் அத்தான் ஓட்டியது சைக்கிள் மட்டும். சுவிசில் வாத்தியாரோடு எடுக்கும் பாடங்கள் எங்கள் கைக்கு எட்டாத விலை என்பதால், நோயாளி மருந்து குடிப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். ஒருமுறை பழகக் கார் தந்த நண்பர், மறுமுறை கேட்டபோது தன் காருக்குச் சுகமில்லை என்றார். அதன் பிறகும் அந்தக் கார் எங்கள் தெருவால் நல்ல சுகத்தோடு போய்வந்தது. ஆகவே அத்தான் கணினியில் பழகினார். இது முட்டாள்தனம் என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை. விமானமோட்டிகளும் இப்படித்தான் பழகுகிறார்களாம் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தோம்.

கணினி வந்தது எனக்குப் பக்கத்து மேசையில் வேலைசெய்த பீல்காரரிடமிருந்து. ஊரின் ஜெர்மன், பிரெஞ்சு இரண்டு மொழியிலும் ஒரே அளவுக்குக் குறைவாகப் பேசும் மனிதர். அவருக்கு விளையாட்டுப் பைத்தியம். வருடத்துக்கொரு புது விளையாட்டு வரும். அது அவருடைய கணினியில் ஓடாது. அவர் புதுக் கணினி வாங்குவார். பழையது எங்களிடம் வரும். புதுக் கணினி வந்ததும் விளையாட்டு செய்கிறவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அடுத்ததை இன்னும் பாரமாகச் செய்வார்கள். ஆற்றோரம் குடியிருப்பவர்களைப்போல, அவர் மேலே கழுவிவிட்டது கீழே எங்களுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டில் எப்போதும் போன வருடம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

விளையாட்டுப் பெட்டியின் பின்பக்கத்தில் இரண்டு நிரல் இருக்கும். குறைந்தபட்சத் தேவை, பரிந்துரைக்கப்படும் தேவை. குறைந்தபட்சம் என்றால் உள்ளே விடுவோம், ஆனால் வசதியாக இருப்பாய் என்று எதிர்பார்க்காதே என்று பொருள். வதிவிட அட்டையில் தற்காலிக எழுத்து நிரந்தர எழுத்தாக மாறுவதற்குக் காத்திருந்த எங்களுக்கு இதை ஒருவரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

பகலில் நான் பூட்டிய கடிகாரங்களை நினைத்துக்கொள்வேன். அதே சில்லு, அதே வில், நான் பிறக்க முந்தியே தீர்மானித்த அதே இடத்தில் அதே ஆணி. நேரம் எந்த வருடமும் கூடுதல் மெமரி கேட்டதில்லை.

முதல் கணினி வந்த நாளிலேயே அத்தான் கூப்பிட்டார்.

"பிள்ளை, இது ஓடுதில்லை. பின்னால நிண்டு ஆரோ இழுக்கிறது போலக் கிடக்கு."

"மரம் கனக்க எல்லோ அத்தான்."

"மரத்தை வெட்டு."

வெட்டினேன்.

"இன்னும் காணாது."

பட்டியலில் கீழே போனேன். "பின்கண்ணாடி ஒண்டு இருக்கு. முன்னுக்குத் தெரியிறதைக் கீறிப்போட்டு, பின்னுக்குத் தெரியிறதையும் இது இன்னொருக்காக் கீறவேணும். அதுதான் பாரம்."

"பின்னால என்ன கிடக்கு? வந்த வழிதானே. நிப்பாட்டு."

நிறுத்தினேன். திரையின் மேல்மூலையில் இருந்த சின்னச் சதுரம் மறைந்தது. கார் எழும்பிப் பாய்ந்தது. அத்தான் வாயைத் திறந்து சிரித்தார். அவருக்கு அவ்வளவு பல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

முதலாவது லைசென்ஸ் சோதனையில் அவர் பின்கண்ணாடியைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். அது திங்கட்கிழமை. அக்காவும் அரைநாள் லீவு எடுத்து வந்திருந்தாள்.

"என்னவாம்?"

"கண்ணாடி பாக்கேல்லையாம்."

"வாத்தியார் சொல்லித் தரேல்லையோ?"

"அவர் ஒவ்வொரு திருப்பத்திலயும் 'கண்ணாடி' எண்டு கத்துவார். கத்தினாப் பாப்பன். இண்டைக்கு வந்தவன் ஒண்டும் கத்தேல்லை. பேசாம இருந்து எழுதிக்கொண்டு வந்தான். நல்ல மனிசன் எண்டு நினைச்சிட்டன்."

பிரச்சினை அதுவல்ல. ஒருதரம் தவறுவது எல்லோருக்கும் நடக்கும். ஆனால் மூன்றாந்தரமும் தவறினால், மறுபடி சோதனைக்கு விடமுன்னம் மனநல நிபுணர் ஒருவரிடம் அனுப்பி, ஆள் வாகனம் ஓட்டத் தகுதிதானா என்று பார்ப்பார்கள். சுவிஸ்காரருக்கு இது ஒரு நடைமுறை. எங்களுக்கு இது ஒரு செய்தி. ஆராவ் நகரத்தில் எங்கள் ஆள் ஒருவருக்கு அப்படி நடந்திருந்தது. பாவம், வாகனம் ஓட்டத்தான் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருந்தவர்கள் அவருடைய முள்ளுக்கரண்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். 'லைசென்ஸ் விசர்' என்பது அவருடைய பெயராகவே ஆகிவிட்டது. அவருடைய தங்கைக்குக் கலியாணம் பேசப் போன இடத்திலும் முதற்கேள்வி அதுதானாம்.

"உங்களை விசர் டொக்டரிட்ட அனுப்பினா நான் கோயில் பக்கம் தலைகாட்டேலாது," என்றாள் அக்கா.

"இன்னும் ரெண்டு தரம் கிடக்கு."

"உதைத்தான் அந்த ஆராவ்க்காரரும் சொல்லியிருப்பார்."

அடுத்த வருடம் பீல்காரரின் அடுத்த கணினி வந்தது. கூடவே, அவர் முடித்துவிட்டு அலுத்துப்போன விளையாட்டொன்றும் வந்தது. இது பந்தய வீதி அல்ல, நகரம். சந்திகள், சமிக்ஞை விளக்குகள், பஸ்கள், நடந்து திரியும் சனம். மேசை விளிம்பில் பூட்டும் பிளாஸ்டிக் ஸ்டியறிங்கும், காலால் மிதிக்க அதனோடு சேர்ந்த பலகையும் தந்தார். எங்களிடம் இருந்தது ஒரே மேசை. ஆகவே ஸ்டியறிங்கைச் சுற்றி இருந்துதான் சாப்பிட்டோம். கறிச் சட்டிக்கு அது நல்ல அணைவு.

அக்கா அதைப் பார்த்துவிட்டு ஜெபமாலையொன்றைக் கொண்டுவந்து திரையின் மூலையில் தொங்கவிட்டாள். மன்னாரில் புது வாகனம் வந்தால் பங்குச் சுவாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிப்பார்கள். அவள் அலுமாரியிலிருந்து போத்தலையும் எடுத்தபோது நான் குறுக்கே போனேன்.

"அக்கா, தண்ணி படக்கூடாது."

"தீர்த்தமடி இது."

"கரண்டுக்கு அது தெரியாது."

"அப்ப ஸ்டியறிங்குக்கு மட்டும்." தெளித்தாள். இடப்பக்கம் திருப்பும்போது அது அன்றிலிருந்து கிரீச்சென்றது.

புதுக் கணினியில் பின்கண்ணாடி ஓடியது. அத்தான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் வரும் பஸ்ஸைக் கண்டதும் யாரோ தெரிந்தவர் வருவதுபோல முகம் மலர்ந்தது. ஆனால் கண்ணாடியும் சனமும் ஒன்றாக ஓட அந்தக் கணினி இடம் கொடுக்கவில்லை. சனத்தின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு கோடு இருந்தது. பாதி வைத்தேன், திணறியது. கால்வாசி வைத்தேன், திணறியது. கடைசியில் கோட்டின் இடது அந்தத்துக்கு இழுத்து விட்டேன். ஒரு முழு நகரம், ஒரு சீவன் இல்லை. விளக்குகள் யாருக்கும் இல்லாமல் சிவந்து பச்சையாகின. சனம் வீதியைக் கடக்கும் மஞ்சள் கடவைகள் துடைத்து வைத்ததுபோல் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்பதால் எங்களுக்கு வித்தியாசமாகப் படவில்லை.

இரண்டாவது சோதனையில் அத்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணாடி பார்த்தார். தேவையில்லாத இடங்களிலும் பார்த்தார். பாதிவழியில், மஞ்சள் கடவையில், கையில் கூடையோடு ஒரு கிழவி காலை எடுத்து வைத்தாள். பிரேக்கை மிதித்தது பரிசோதகர்.

"கண்டனான்," என்றார் அத்தான் எங்களிடம். "கிழவியை நல்லாக் கண்டனான். ஆனா நிக்கவேணும் எண்டு வரேல்லை."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ அதுக்குள்ள ஆக்களைப் போட்டிருந்தனியோ?"

"இல்லை. ஆக்களைப் போட்டா இழுபடுது."

"அப்ப இந்த மனிசனுக்கு மனிசரைத் தெரியாமப் போனது உன்ரை கொம்பியூட்டராலதான்."

"இஞ்சாரும், பிள்ளையை ஏசாதையும்," என்றார் அத்தான். "மிசினுக்கு வழியில்லாட்டி அவள் என்ன செய்யிறது?"

அதன் பிறகு அக்கா என்னோடு கொஞ்சக் காலம் தேவைக்கு மட்டும் கதைத்தாள். அத்தான் உணவகத்துக்குப் போனார், வந்தார், போனார். சலவைக்காரர், குளிர்காலம் முடியும்வரைதான் அந்த இடத்தை வைத்திருக்கலாம் என்று சொல்லியனுப்பினார். புதுக் கோப்பைகளில் ஒன்று கைதவறி உடைந்தது. அக்கா உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளிய விதத்தைப் பார்த்தபோது, அது கோப்பை உடைந்த கவலையல்ல என்று தெரிந்தது.

பீல்காரர் அந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஒரு கிராபிக்ஸ் கார்ட் தந்தார். படம் கீறுவதற்கென்றே செய்த, உள்ளே செருகும் பச்சைப் பலகை. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. போன வருடம் இதுதான் எல்லாவற்றையும்விட வேகம் என்றார்; சொல்லும்போது அவர் முகத்தில் இறந்த நாயைப் பற்றிப் பேசும் மென்மை இருந்தது. வீட்டில் திருகாணிகளைக் கழற்றி, மூச்சைப் பிடித்து, கடிகாரத்துக்குள் சில்லு இறக்குவதுபோல அதை இறக்கினேன். விளையாட்டும் புதிதாக வந்திருந்தது. அதே நகரம், ஆனால் இம்முறை மழை பெய்தது. நனைந்த தாரில் விளக்குகள் தலைகீழாக எரிந்தன. சனத்துக்கு முகம் முளைத்திருந்தது, குடை முளைத்திருந்தது, ஒவ்வொரு குடைக்கும் கீழே ஒரு நிழல்.

"எதை நிப்பாட்ட?" என்று கேட்டேன். கை பழக்கத்தில் பட்டியலுக்குப் போய்விட்டிருந்தது.

"ஒண்டையும் நிப்பாட்டாதை."

"அத்தான், இந்தக் கார்ட்டும் இதைத் தாங்காது. மழையை எண்டாலும்…"

"மழையும் கிடக்கட்டும். நாங்கள் நிப்பாட்டினதெல்லாம் சோதினையில வந்து என்னைப் பிடிக்குது. எல்லாத்தையும் போடு. கண்ணாடி, ஆக்கள், நிழல், நாய் கீய் இருந்தா அதையும் போடு."

போட்டேன். அழகென்றால் அப்படியொரு அழகு. ஆனால் அது அசையவில்லை. அசைந்தது, விக்கி விக்கி. ஒரு படம் வரும், நிற்கும்; கொஞ்சம் யோசித்து அடுத்த படம் வரும். ஸ்டியறிங்கைத் திருப்பினால் ஒரு மூச்சு கழித்துத்தான் கார் திரும்பியது. பிரேக்கை மிதித்தால், மிதித்ததை மறந்த பிறகு நின்றது. முதல் கிழமையில் அத்தான் நடைபாதையில் ஏறி அந்த நகரத்தின் பாதிப் பேரை விழுத்தினார். ஒவ்வொருவருக்கும் "சொறி, சொறி" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பீல்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் இடுக்கியைத் துடைத்தார். பிறகு, எல்லாவற்றையும் கூட்டி வைத்து ஓட்டும் கணினி இன்னும் உலகத்தில் இல்லை, அது பிறக்க ஒன்றிரண்டு வருடமாகும், விளையாட்டை அந்தக் கணினியை நினைத்துத்தான் செய்வார்கள் என்றார். தன்னாலும் முடியாதாம்; தானும் மழையை நிறுத்தித்தான் விளையாடுகிறாராம். எனக்கு அது ஒருவிதமான ஆறுதலாக இருந்தது. மேலே இருந்தவரும் யாரோ ஒருவருக்குக் கீழேதான் இருந்திருக்கிறார். பிறக்காத ஒன்றுக்கு.

அத்தான் விடவில்லை. பள்ளமான அந்தப் பிற்பகல்களில், வெளியே பீலின் பனிப்புகார் யன்னல்வரை வந்து நிற்கும். யூரா மலை காணாமற் போயிருக்கும். விளையாட்டுகளிலும் தூரத்தில் இப்படித்தான் புகாரை வைத்திருப்பார்கள். கணினி இன்னும் கீறி முடிக்காததை மறைக்க. யன்னலால் பார்க்கும்போதெல்லாம், மலையைக் கீறுவதற்கு இங்கேயும் யாருக்கோ மெமரி போதவில்லை என்று நினைத்துக்கொள்வேன். உள்ளே அத்தான் அவதானித்துக்கொண்டிருந்தார். கார் சொல் கேட்கப் பிந்துகிறது என்றால், நாம் முந்தவேண்டும். சந்தி தெரிவதற்கு முன்னமே காலை எடுத்தார். குடையொன்று நடைபாதை விளிம்புக்கு வரும்போதே, அது இறங்குமா இறங்காதா என்று பார்க்காமல், பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோனார். கண்ணாடியில் பஸ் தெரிந்தால், அது எங்கே வரப்போகிறதோ அந்த இடத்தை விட்டு முதலே ஒதுங்கினார். ஒரு நாள் அந்த விக்கலும் மழையுமான நகரத்தை ஒருவரையும் தட்டாமல் சுற்றி வந்து காரை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, இதுக்குள்ள இருக்கிறவன் மெல்லமா யோசிக்கிறான். அவனுக்கு முன்கூட்டிச் சொல்லிப் போட்டா, பாவம், செய்யிறான்."

மூன்றாவது சோதனைக்கு நானும் போனேன். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை; கிடைத்திருந்தாலும் வந்திருக்க மாட்டாள். காரியாலயத்துக்கு வெளியே, ஈரமாக இருந்த வாங்கில் இருந்தேன். அதே பரிசோதகர். அவர் அத்தானுக்குக் கைகொடுத்ததில், முதலே அனுதாபம் தெரிவித்துவிட்ட ஒரு தோரணை இருந்தது. கார் போனது. திரும்பி வரும்போது அது நான் எதிர்பார்த்ததைவிட மிக மெதுவாக வளவுக்குள் நுழைந்து, கோட்டுக்குள் நின்றது. இரண்டு பேரும் இறங்கவில்லை. கண்ணாடிக்குள் பரிசோதகரின் வாய் அசைந்தது. அத்தான் தலையசைத்தார். எனக்கு ஆராவ்க்காரரின் முள்ளுக்கரண்டி ஞாபகம் வந்தது.

அத்தான் இறங்கி வந்தார். முகத்தில் ஒன்றுமில்லை.

"என்ன அத்தான்?"

"நான் முன்னுக்கு வரப்போறதைப் பாத்து ஓடுறனாம். பந்து உருண்டு வாறதுக்கு முந்தியே பிரேக்கில கால் இருந்ததாம். எங்க பழகினனீங்கள் எண்டு கேட்டான்."

"என்ன சொன்னீங்கள்?"

"வீட்டில எண்டன்."

"பிறகு?"

"பெரிய வளவோ எண்டு கேட்டான். ஓம் எண்டன்."

"அத்தான், பாஸோ பெயிலோ?"

"பாஸ்," என்றார், அதைச் சொல்ல மறந்துவிட்டவர்போல. பிறகு வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். காற்சட்டை நனைவதைக் கவனிக்கவில்லை.

அன்று பின்னேரம் அவர் உணவகத்துக்குப் போகவில்லை. சுகமில்லை என்று தொலைபேசியில் சொன்னார். அக்கா வேலையால் வந்து கதவைத் திறந்தபோது, வேலைநாளில் வீட்டுக்குள் புருசன் நிற்பதைக் கண்டு முதலில் பயந்துபோனாள்.

"அனுப்பப் போறாங்களோ?"

"எங்க?"

"டொக்டரிட்ட."

"இல்லை. அடுத்த மாசம் சலவைக்குப் போறன்."

அக்கா கைப்பையைக் கீழே வைத்தாள். குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள். நெடுநேரம் தண்ணீர் ஓடியது. அவள் திரும்பி வந்தபோது அத்தான் மேசையில், ஸ்டியறிங்குக்கு முன்னால் இருந்தார்.

"பிள்ளை, எல்லாத்தையும் நிப்பாட்டு."

"எல்லாத்தையுமோ?"

"ஒண்டும் வேண்டாம். ஆக்கள் வேண்டாம், மழை வேண்டாம், கண்ணாடி வேண்டாம். எனக்கு ஒருக்காப் பறக்கவேணும்."

நிறுத்தினேன். குடைகள் போயின, மழை போயிற்று, தாரில் தலைகீழாக எரிந்த விளக்குகள் அணைந்தன. பிறகு நகரத்தையே மூடிவிட்டு, முதல் கணினியோடு வந்த அந்தப் பழைய பந்தய வீதியை எடுத்துப் போட்டேன். புதுக் கார்ட்டில் அது வெறிபிடித்து ஓடியது. அத்தான் கத்தினார். அக்கா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நானும் ஒருக்கா ஓடிப் பாக்கட்டோ?"

அவர் எழும்பி இடம் கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் ஸ்டியறிங்கைப் பிடித்து, காலால் ஒரே மிதியாக மிதித்தாள். முதல் வளைவிலேயே கார் வீதியை விட்டு இறங்கிவிட்டது.

"ஐயோ, இஞ்சாருங்கோ, எதிலயோ போய் அடிக்கப்போகுது!"

"மிதியும்," என்றார் அத்தான். "அடிக்காது."

அவள் மிதித்தாள். கார் பச்சைக்குள் நேரே போய்க்கொண்டிருந்தது. அங்கே மோதுவதற்கு நாங்கள் எதையும் விட்டு வைத்திருக்கவில்லை.